யாரும் திருடாத புத்தகங்களின் காவலர்

நூல் காவலர் என்றொரு பிறவி உண்டு. அவரைப் பார்க்க நீங்கள் மிருகக்காட்சிச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. எந்த ஊரில் நாலு தமிழர் கூடி ஒரு சங்கம் வைத்து, சங்கத்தின் மூலையில் கண்ணாடி அலமாரிகள் வைத்து, அலமாரிகளுக்குப் பூட்டும் வைத்தார்களோ, அந்தப் பூட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். சம்பளம் கிடையாது. கேட்டால் தமிழ்ப்பணி என்பார்.

அவரை நூலகர் என்று நினைத்துவிடாதீர்கள். நூலகர் உங்களுக்குப் புத்தகம் கொடுக்க இருக்கிறவர். நூல் காவலர் உங்களிடமிருந்து புத்தகத்தைக் காப்பாற்ற இருக்கிறவர். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் பார்வை உங்கள் முகத்தைத் தாண்டிக் கைக்குப் போகும். கையில் பை இருந்தால் பைக்குப் போகும். பையும் இல்லையென்றால், இந்த மனிதர் ஏன் இவ்வளவு தொளதொளப்பான சட்டை போட்டிருக்கிறார் என்ற யோசனையில் ஆழ்ந்துவிடுவார். ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், "எதுக்கு?" என்பார். படிக்க என்று சொல்லுங்கள். வேறு நல்ல பொய்யே கிடைக்கவில்லையா என்பதுபோல் உங்களைப் பார்ப்பார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, முன்னும் பின்னும் திருப்பி, மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்புகிற தகப்பனைப் போல ஒரு பெருமூச்சு விட்டு, எச்சில் தொட்டுப் புரட்டாதே, பக்கத்தை மடிக்காதே, கவிழ்த்து வைக்காதே, குழந்தை கையில் கொடுக்காதே, மழையில் போகாதே என்று எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குப் படிக்கிற ஆசையே போயிருக்கும். அதுதான் அவருக்கு வேண்டியது.

அவர் படிப்பாரா? என்ன கேள்வி இது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர் உள்ளே போய்ப் பணம் எண்ணுகிறாரா?

இந்தப் பிறவியின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவர் தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கில் இருந்தார். சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு தமிழ்ச் சங்கத்தின் வாசகசாலையில். பெயர் சிவகுருநாதன். துறைமுகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கப்பலில் வந்த மூட்டைகளை எண்ணியே முடி நரைத்தவர். ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை. மூட்டை குறையக்கூடாது, அவ்வளவுதான். அதே ஒழுக்கத்தோடுதான் புத்தகங்களிடமும் பழகினார்.

அப்படிப்பட்டவரின் ஆட்சியில் ஒரு நாவலின் இரண்டாம் பாகம் காணாமல் போயிற்று.

சிவகுருநாதன் சாப்பாட்டைக் குறைத்தார். பக்கத்துப் புத்தகங்களை நகர்த்தி அந்த இடைவெளியை மூட அவர் சம்மதிக்கவில்லை. பல் விழுந்த வாயைப்போல அது அப்படியே இருந்தது. முதல் பாகத்தைப் படித்தவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று முடிவு செய்தார். அந்தக் கூட்டத்தில் தான் இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

இந்தச் சோகத்துக்கு நடுவில்தான் சங்கச் செயலாளர் பக்கிரிசாமி ஒரு யோசனையோடு வந்தார். பக்கிரிசாமிக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. குரல் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம். வாசகசாலைக்கு வாரத்தில் ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், அதிலும் பாதிப்பேர் மின்விசிறிக்காக வருகிறார்கள், இருக்கிற புத்தகமும் களவு போகிறது, பேசாமல் அந்த அறையில் ஒரு கராவோக்கே பெட்டி வைத்தால் இளைஞர்கள் சங்கத்துக்கு வருவார்கள், தமிழும் வளரும் என்று நிர்வாகக் குழுவில் பேசினார். குழுவில் பலர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் குரல் நன்றாக இருந்தது.

சிவகுருநாதன் எழுந்தார். கள்ளனுக்குப் பயந்து யாராவது வீட்டை இடிப்பார்களா என்று கேட்டார். வெளிநாட்டு நூலகங்களில் ரேடியோ அலையால் புத்தகத்தைக் காக்கிற கருவி வந்துவிட்டது என்றும், அதை வாங்கிக் கொடுத்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குள் ஒரு கள்ளனையாவது புத்தகமும் கையுமாகப் பிடித்துக் காட்டுவதாகவும், காட்டாவிட்டால் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்குத் தெரிந்தது. அந்தச் சாவி இடுப்பில் தொங்கும்வரை அவர் கௌரவ நூலகப் பொறுப்பாளர். காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்ப ஒரு காரணம் உள்ளவர். சாவி போனால் அவர் ஓர் ஓய்வூதியக்காரர். பகல் முழுவதும் மனைவி செல்வநாயகியின் கண்முன்னால் இருக்க வேண்டியவர். செல்வநாயகி வீட்டைக் காக்கிற விதத்தோடு ஒப்பிட்டால் இவர் வாசகசாலையைக் காத்ததெல்லாம் விளையாட்டு.

கருவி சூலியா தெருவிலேயே கிடைத்தது. பழைய சாமான் வியாபாரி ஹபீப் முகம்மது, மூடிப்போன ஒரு துணிக்கடையிலிருந்து அதை எடுத்து வைத்திருந்தார். இடுப்பளவுக்கு மேல் உயரமான இரண்டு வெள்ளைத் தூண்கள். கூடவே ஒரு பெட்டி நிறைய, தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய ஒட்டுவில்லைகள். ஒவ்வொரு வில்லைக்குள்ளும் மெல்லிய தகட்டுக்கம்பி சுருண்டு கிடந்தது.

"ஐயா, இந்த ரெண்டுக்கும் நடுவுல ரேடியோ அலை ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது," என்றார் ஹபீப். "டேக் ஒட்டுன சாமான் உள்ளாற வந்துச்சுன்னா மிஷின் கத்தும். எந்த திருடனும் தப்ப முடியாது லா. ஒண்ணுதான் கொற. காசு கட்டிட்டுப் போறவங்களுக்காக டேக்க சாகடிக்க ஒரு பலக உண்டு. அது மட்டும் வரல."

"சாகடிச்சால்?"

"சத்தம் இல்லாம வெளிய கொண்டு போவலாம்."

"அப்ப அது எங்களுக்குத் தேவையில்லை," என்றார் சிவகுருநாதன்.

ஹபீப் முகம்மது எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். ஒரு குறையைச் சொன்னதும் முகம் மலர்ந்தவரை அன்றுதான் பார்த்தார்.

தூண்கள் வாசகசாலை வாசலில் நின்றன. வில்லைகள் சில நூறு இருந்தன. புத்தகங்களோ இரண்டாயிரத்துக்குக் குறையாது. எதற்கு ஒட்டுவது? நீங்களும் நானுமாக இருந்தால் எது அதிகம் கேட்கப்படுகிறதோ, எது முதலில் களவு போகுமோ, அதற்கு ஒட்டியிருப்போம். சிவகுருநாதனும் முதல் நாள் அப்படித்தான் நாவல்களின் பக்கம் போனார். ஆனால் நம்முடைய ஊரில் எந்தக் காரியமும் மரியாதையில் போய் முடியாமல் இருந்ததுண்டா?

சங்கத் தலைவர் தம்பு மத்தியானம் எட்டிப் பார்த்தார். அவருடைய காலஞ்சென்ற தகப்பனாரின் எண்பதாவது பிறந்தநாள் மலர் அலமாரியில் இருந்தது. கனமான காகிதம், பொன்னிற எழுத்து, உள்ளே வாழ்த்துப்பாக்கள், ஊர்ப் பெரியவர்களின் படங்கள். அதற்கு வில்லை ஒட்டியாயிற்றா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் சிவகுருநாதன். "அப்ப ஐயாவின்ரை மலர் போனாலும் பரவாயில்லை எண்டு நினைக்கிறீர்?" என்றார் தம்பு.

முதல் வில்லை அந்த மலருக்குப் போயிற்று.

அன்று மாலையே செய்தி சந்தைத் தாண்டிவிட்டது. மறுநாள் நல்லம்மா வந்தார். அவருடைய கணவர் கோயில் திருப்பணிக்காகப் பாடிய பதிகங்களை அச்சிட்டு வாசகசாலைக்குக் கொடுத்திருந்தார். தம்புவின் தகப்பனுக்கு உண்டு, இவருக்கு இல்லையா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். ஒட்டப்பட்டது. குடமுழுக்கு மலர்கள் வந்தன. கல்யாண வாழ்த்து மடல்களைப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்தவர்கள் வந்தார்கள். ஒரு தையற்கடைக்காரர் தன் தம்பியின் புத்தகத்துக்கு ஒட்டிய வில்லை ஓரத்தில் இருக்கிறது, நடுவில் ஒட்ட வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். பக்கிரிசாமிகூட, அந்த மிஷின் ஒரு வீண் செலவு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே, தன் தங்கை கல்யாண மலருக்கு ரெண்டாகவே ஒட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். பொன்னாடை எப்படியோ அப்படி வில்லை. குளிருக்காகவா நாம் பொன்னாடை போர்த்துகிறோம்?

வாரக் கடைசியில் பெட்டி காலி. நாவல், கவிதை, சிறுகதை, பயணக்கதை எதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவற்றைக் கொடுத்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. எழுதியவர்களும் வந்து கேட்கவில்லை.

சிவகுருநாதன் அதற்காகக் கலங்கவில்லை. விஞ்ஞானம் வந்துவிட்டதே. இரவல் கொடுத்ததை எழுதி வைக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்தினார். அலமாரிகளைத் திறந்தே போட்டார். காவல் வேலையை முழுவதும் தூண்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவற்றின் சத்தத்துக்காகக் காத்திருக்கும் வேலையை எடுத்துக்கொண்டார்.

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற சந்திரிகா விடுமுறை நாள்தோறும் வருகிறவள். நாலு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்முன் வந்து நின்றாள்.

"எழுதலையா அங்கிள்?"

"என்னத்துக்கு? நீர் நடவும் பிள்ளை. மிஷின் சொல்லும்."

அவள் நடந்தாள். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தீரே," என்றார் சிவகுருநாதன், "ஒரு பிழையும் இல்லை."

சத்தம் வராவிட்டால் களவு இல்லை. எவ்வளவு சுத்தமான தர்க்கம். சந்திரிகா போனாள், அடுத்த வாரம் அவளுடைய தோழிகள் வந்தார்கள், பாகான் டாலாமிலிருந்து படகேறி இரண்டு வாத்தியார்கள் வந்தார்கள். எல்லாரும் கை நிறைய எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுக்கிற தொல்லையும் புத்திமதி கேட்கிற தொல்லையும் இல்லாமல், தூண்களுக்கு நடுவில் ஊர்வலம்போலப் போனார்கள். அவர்களில் ஒருவரையும் சிவகுருநாதன் சந்தேகப்படவில்லை. அவர் கண் முழுவதும் வில்லை ஒட்டிய அலமாரியின் மேல் இருந்தது. அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

ஒரே ஒரு நாள் மிஷின் கத்தியது. சிவகுருநாதன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தபோது அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. பார்த்தால், மின்விசிறி பழுதுபார்க்க வந்த ஆள், தோளில் சுருட்டிய ஒயரோடு தூண்களுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சுருண்ட கம்பியைக் கண்டால் அந்தத் தூண்களுக்கு வில்லையென்றும் தெரியாது, ஒயரென்றும் தெரியாது. அவரை மேலும் கீழும் தடவிப் பார்த்தும் ஒரு வாழ்த்துமடல்கூடக் கிடைக்கவில்லை.

ஆண்டுக் கூட்டம் நெருங்கிற்று. கள்ளன் வரவில்லை. ஒரு மனிதனை எதைத் தடுக்கக் காவல் வைத்தார்களோ அதுவே நடக்காதா என்று அவன் ஏங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சிவகுருநாதன் ஏங்கினார். வில்லை ஒட்டிய மலர்களை வாசலுக்குப் பக்கத்து மேசையில் பரப்பினார். தான் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிர்க்கடையில் தே தாரே டீ குடிக்கப் போகிறேன் என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அந்தக் கடைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். உள்ளே வந்தவர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு அலமாரிக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் தம்புவின் தகப்பனார் மலரைக் கையில் எடுத்தார். சிவகுருநாதன் மறைவிலிருந்து ஓரடி வெளியே வந்தார். அந்த மனிதர் அதை விசிறியாக்கிக் கொஞ்சம் விசிறிக்கொண்டு, கீழே வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் வெட்கத்தை விட்டார்.

"பிள்ளை," என்றார் சந்திரிகாவிடம், தணிந்த குரலில். "இந்த மலரை ஒருக்கா பைக்குள்ளை வச்சுக்கொண்டு போய்ப் பாரன். நான் பிடிக்கிறமாதிரிப் பிடிச்சுப்போட்டு விடுறன். பேரொண்டும் சொல்லமாட்டன்."

அவள் மலரைப் பிரித்துப் பார்த்தாள். வாழ்த்துப்பா, படம், வாழ்த்துப்பா, படம்.

"திருடின்னு சொல்றதுகூட பரவால்ல அங்கிள்," என்றாள். "இத படிக்கத் திருடுனேன்னு சொல்லுவாங்களே. அப்பறம் நான் எப்படி பேக்டரிக்குப் போறது?"

பொதுக்கூட்டம் வந்தது. வாசகசாலையை அடுத்த மண்டபத்தில் நடந்தது. வெளியே போகிறவர் யாரானாலும் வாசகசாலை வாசல் வழியாகத்தான் போக வேண்டும். தலைமை விருந்தினராக, அரசாங்கப் பட்டம் பெற்ற ஒரு டத்தோ வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். மாணவர்கள் படிக்க வேண்டும், பெற்றோர் படிக்க வேண்டும், தனக்குத்தான் நேரமில்லை என்று அழகாகப் பேசினார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது வாசகசாலை பற்றிய தீர்மானம். பக்கிரிசாமி கராவோக்கே பெட்டியின் விளக்கப்படத்தைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். சிவகுருநாதன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, இடுப்புச் சாவியை வேட்டிக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தார். கழற்றுவதற்கு முடிச்சைக்கூட முன்னதாகவே தளர்த்தி வைத்திருந்தார்.

தீர்மானத்துக்கு முன் டத்தோ கிளம்பினார். தலைமை விருந்தினர்கள் எப்போதும் தீர்மானத்துக்கு முன்தான் கிளம்புவார்கள். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப்பரிசு என்று தேடினால் ஒன்றும் இல்லை. பக்கிரிசாமி வாங்குவார் என்று தம்பு இருந்திருக்கிறார், தம்பு வாங்குவார் என்று பக்கிரிசாமி. தம்பு சமயோசிதமாக வாசகசாலைக்குள் போய்த் தன் தகப்பனாரின் மலரை எடுத்துவந்து டத்தோவின் கையில் கொடுத்தார். கை தட்டினார்கள். டத்தோ மலரோடு வாசலுக்கு நடந்தார்.

மிஷின் கத்தியது.

ஆறு மாதம் காத்திருந்த காது அது. சிவகுருநாதனுக்கு யோசிக்க நேரமில்லை. கால்கள் தாமாகவே ஓடின, கை தானாகவே நீண்டது, "பிடிச்சிட்டன்" என்ற வார்த்தை தானாகவே வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய பிடியில் இருந்தது டத்தோவின் மணிக்கட்டு. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. தம்புவின் முகத்தில் இரத்தமில்லை. பக்கிரிசாமியின் முகத்தில் கராவோக்கே எரிந்தது.

"என்னா இது?" என்றார் டத்தோ.

மூட்டை எண்ணியே வாழ்ந்த மனிதர். வாழ்க்கையில் ஒரு கற்பனையும் செய்தறியாதவர். ஆனால் சாவி தளர்ந்த முடிச்சில் ஆடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய கை மெல்லக் கீழே நழுவி, டத்தோவின் உள்ளங்கையைப் பற்றி, குலுக்கத் தொடங்கிற்று.

"மரியாதை, டத்தோ," என்றார். "பெரிய புத்தகத்தைப் பெரிய மனுசர் கொண்டு போனால்தான் இது சத்தம் போடும். சும்மா ஆக்களுக்குப் போடாது. ஆறு மாசமாய் ஒருத்தருக்கும் போடேல்லை. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

கேட்டுப் பார்க்க என்ன இருக்கிறது. ஒயர்க்காரரை விட்டுவிட்டால் அது மறுக்க முடியாத உண்மை. மண்டபத்தில் இருந்த அத்தனைபேரும் சாட்சி. முதலில் தம்பு கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். டத்தோவின் முகம் மெல்ல விரிந்தது. படம் எடுக்கிறவர் அந்தக் கணத்தைத் தவறவிட்டுவிட்டார் என்று தெரிந்ததும், டத்தோ மலரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்து, மறுபடியும் ஒருமுறை, இந்தத் தடவை நிதானமாக, தூண்களுக்கு நடுவில் நடந்து போனார். மிஷின் நீண்ட நேரம் கத்திற்று.

தீர்மானம் எடுக்கப்படவே இல்லை. சாவி இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கிரிசாமி தானே எழுந்து, இப்படிப்பட்ட வசதி மலேசியாவின் வடமாநிலங்களில் வேறு எந்தச் சங்கத்திலும் இல்லை என்று பேசினார். அவர் தங்கை கல்யாண மலரில் வில்லை ரெண்டு இருக்கிறதே.

அன்றிலிருந்து சங்கத்துக்கு வந்த விருந்தினர் எவரும் சத்தமில்லாமல் வெளியே போனதில்லை. சத்தம் வராத புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று பத்து காவானிலிருந்து வந்த ஒரு பிரமுகர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்.

ஒரு மாதம் கழித்துச் சந்திரிகா வந்தாள். அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். நாவல் தட்டில் ஒன்றுமில்லை. சிறுகதைத் தட்டில் ஒன்றுமில்லை. கவிதைத் தட்டில் ஒரு பல்லி இருந்தது.

"அங்கிள், இங்க படிக்க ஒண்ணுமே இல்லையே?"

சிவகுருநாதன் வில்லை ஒட்டிய அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விருந்தினர்களுக்குக் கொடுத்தவை போக, மலர்கள் முதுகைக் காட்டி, ஒன்றுகூடக் குறையாமல், அணிவகுத்து நின்றன.

"இல்லையோ? எல்லாம் இருக்கு பிள்ளை. மிஷின் சத்தமே போடேல்லையே," என்றார். பிறகு கவலையோடு, "படிக்கிறதுக்கு நீர் என்ன செய்வீர்?"

"எங்க ஹாஸ்டலுக்குப் போவேன் அங்கிள். அங்க இப்ப நெறைய புக்கு இருக்கு. கேட்டா குடுக்கிறாங்க."

"கவனம்," என்றார் சிவகுருநாதன். "பூட்டி வைக்கச் சொல்லும். கள்ளர் இருப்பினம்."

அவரை நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறவற்றை ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள். அவற்றை யாராவது எப்போதாவது உங்களிடம் கேட்டதுண்டா? கேட்டு வாங்கிப் போனவை என்னென்ன என்று இப்போது சொல்ல முடியுமா? முடியாதென்றால் கவலைப்படாதீர்கள். வீட்டில் ஒரு சத்தமும் கேட்கவில்லை அல்லவா. எல்லாம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.